தோற்றுவிட்டு வந்த மறுநாள்: ஓடுகிற பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பள்ளி, கல்லூரிக் காலம் முழுக்க நான் 400 மீட்டர் ஓடினேன். பதினோரு ஆண்டுகளாகத் தென்மாவட்டம் ஒன்றின் மைதானத்தில் காலையும் மாலையும் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தருகிறேன். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் முடிந்த மறுநாள் காலையில் மைதானம் பாதி காலியாகத்தான் இருக்கும். வருகிற பாதிப் பேரும், வராதவர்களின் அம்மா அப்பாவும் என்னிடம் கேட்பவை அநேகமாக ஒரே கேள்விகள். வாயால் திரும்பத் திரும்பச் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். கேட்டது பிள்ளை என்றால் பிள்ளையிடமும், பெற்றவர் என்றால் பெற்றவரிடமும் பேசுவதுபோலப் பதில் இருக்கும்.

1. அக்கா, தோற்றுவிட்டு எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். தப்பா?

தப்பே இல்லை. 400 மீட்டர் முடித்து வருகிறவளுக்குத் தொடை இறுகியிருக்கும், வயிறு குமட்டும், காது அடைத்திருக்கும். அந்த உடம்பில் ஏமாற்றமும் சேர்ந்தால் அழுகைதான் வரும். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு நான் நாலடி தள்ளி நின்றுகொள்வேன்.

முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை சொல்லும் எதையும் நான் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. "இனிமேல் ஸ்பைக்ஸையே தொடமாட்டேன்" என்று, ஆணி வைத்த ஓட்டக் காலணியைக் கழற்றியபடி சொன்னவர்கள் எத்தனையோ பேர். அதே ஒரு மணி நேரத்தில் நானும் புத்திமதி சொல்வதில்லை. காதில் ஏறாத நேரத்தில் சொன்ன நல்ல வார்த்தையும் குத்திக்காட்டலாகத்தான் கேட்கும்.

2. 'தோல்விதான் வெற்றிக்கு முதல் படி' என்கிறார்கள். உண்மையா?

தோல்வி தானாகப் படியாகிவிடாது. ஒரே பிழையால் ஐந்து முறை தோற்றவர்களை எனக்குத் தெரியும். ஐந்தாவது முறையும் அதே இடத்தில்தான் கால் நின்றது.

பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவைப் பார். 2016 ரியோ ஒலிம்பிக்கில், எடையை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் 'கிளீன் அண்ட் ஜெர்க்' பிரிவில் மூன்று முயற்சிகளும் வீணாயின. மொத்த எடை என்று எழுதவே எதுவும் இல்லாமல் வெளியே வந்தார். மறு ஆண்டே அனஹைமில் 194 கிலோ தூக்கி உலக சாம்பியன் ஆனார். பிறகு தோள்பட்டையில் தொந்தரவு வந்தபோது, 'இன்னும் கடுமையாக உழைக்கிறேன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு இருந்துவிடவில்லை. 2020-இல் அமெரிக்காவுக்குப் போய், உடம்பின் எந்தத் தசை எந்தத் தசைக்கு ஈடுகொடுக்கவில்லை என்று கண்டறிந்து சரிசெய்துகொண்டு வந்தார். டோக்கியோவில் 202 கிலோ, வெள்ளிப் பதக்கம்.

கதையை அங்கேயே நிறுத்துபவர்கள் உண்டு. நான் நிறுத்துவதில்லை. 2024 பாரிஸில் அவர் தூக்கியது 199 கிலோ. வெண்கலம் வென்றவர் தூக்கியது 200. ஒரு கிலோவில் நான்காம் இடம். படி என்றால் மேலேதான் போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

3. 'பாடம் கற்றுக்கொள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிக் கற்பது என்று யாரும் சொல்லவில்லையே?

இதுதான் சரியான கேள்வி. என் கதையைச் சொல்கிறேன். பதினேழு வயதில் மாநிலப் போட்டி இறுதிச் சுற்று. 300 மீட்டர் வரை நான்தான் முன்னால். 320-ஐ நெருங்கும்போது கால் மரக்கட்டையாகிவிட்டது. மூன்று பேர் தாண்டிப் போனார்கள். நான்காம் இடம், 61 வினாடி. 'கடைசி நேரத்தில் எனக்குத் தைரியம் இல்லை, நான் கோழை' என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

பக்கத்து மாவட்டப் பள்ளியின் பி.டி. சார் ஒருவர் அன்று தன் ஸ்டாப்வாட்சில் எல்லோருடைய 200 மீட்டர் நேரத்தையும் குறித்து வைத்திருந்தார். அடுத்த பருவத்தில் என்னைப் பார்த்தபோது, "முதல் இருநூறை 27.5-இல் போனால் யார் காலும் நிற்கும் அம்மா" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் பாதி 27.5, இரண்டாம் பாதி 33.5. 29-ஐ ஒட்டிப் போயிருந்தால் ஓட்டமே வேறு. ஆறு மாதம் நான் என் குணத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிழை என் வேகக் கணக்கில் இருந்தது. ஏமாற்றம் வந்தவுடன் நாம் முதலில் நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். ஓட்டத்தைக் கூண்டில் ஏற்றினால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஆகவே, மறுநாள் ஒரு நோட்டில் அரைப்பக்கம் எழுது. முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய், காலையில் என்ன சாப்பிட்டாய், எந்த லேன், பாதி ஓட்டத்தில் என்ன நேரம், எந்த இடத்தில் உடம்பு கனத்தது. 'நான் மோசம்', 'எனக்கு மனவலிமை இல்லை' போன்ற வரிகளை எழுதாதே. அவற்றை வைத்து நாளைக்கு எந்தப் பயிற்சியும் செய்ய முடியாது. 1960 ரோமில் 400 மீட்டரில் பத்தில் ஒரு வினாடியில் வெண்கலத்தைத் தவறவிட்ட மில்கா சிங்கும், பாதி தாண்டியபின் வேகத்தைக் குறைத்ததுதான் தன் பிழை என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். எந்த இடத்தில் பிசகியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

4. மயிரிழையில் போய்விட்டது அக்கா. பத்தாவதாக வந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

உண்மைதான். பக்கத்தில் வந்து போனதுதான் அதிகம் வலிக்கும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது அப்போதுதான். பி.டி. உஷா 55.42 வினாடி. வெண்கலம் வென்ற ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41. அந்த வேகத்தில் நூறில் ஒரு வினாடி என்பது ஏழு சென்டிமீட்டர். ஒரு சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்.

அந்த ஏழு சென்டிமீட்டர் எங்கே போயிருக்கும்? முடிவுக்கோட்டில் மார்பை முன்னால் சாய்க்காததில் போயிருக்கலாம். முதல் தொடக்கம் தவறாகி, மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டியிருந்ததில் போயிருக்கலாம். அங்கே தனக்குக் கிடைத்தது கஞ்சியும் ஊறுகாயும்தான், சத்துள்ள சாப்பாடு இல்லை என்று உஷா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் தட்டிலும் போயிருக்கலாம். இப்படித் தேடுவதால் பதக்கம் திரும்பி வராது. ஆனால் இன்று நாட்டின் எந்தச் சிறு மைதானத்திலும் பிள்ளைகளுக்கு முடிவுக்கோட்டில் மார்பைச் சாய்க்கச் சொல்லித் தரும்போது உஷாவின் பெயரைச் சொல்லாத பயிற்சியாளர் இல்லை.

மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய தடகளப் போட்டியில் உஷா ஐந்து தங்கம் வென்றார், கூடவே ஒரு வெண்கலமும். லாஸ் ஏஞ்சலஸ் வலி அதனால் போய்விட்டதா என்றால், இல்லை. அவருடைய பேட்டிகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும். வலியை வைத்துக்கொண்டே அடுத்த ஓட்டத்தை ஓடலாம் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

5. மேடம், என் மகள் இரண்டாவது வந்தாள், முகம் தொங்கிப்போய் நிற்கிறாள். மூன்றாவது வந்த பெண் துள்ளிக் குதிக்கிறாள். இது என்ன விசித்திரம்?

விசித்திரம் ஒன்றும் இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் ஒளிப்பதிவுகளை வைத்து உளவியல் ஆய்வாளர்கள் இதையே ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டார்கள். வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்கள்தான் அதிக மகிழ்ச்சியோடு தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் தங்கத்தை நினைக்கிறார். வெண்கலக்காரர், பதக்கமே இல்லாமல் போயிருக்கக்கூடிய நான்காம் இடத்தை நினைக்கிறார். "வெள்ளி கிடைத்ததே, சந்தோஷப்படு" என்று மகளை அதட்டாதீர்கள். இரண்டு நாள் போகட்டும்.

6. எனக்கு எட்டாவது லேன் விழுந்தது. அதனால்தான் தோற்றேன்.

எட்டாவது லேனில் வளைவு இறுக்கமாக இருக்காது, அது உனக்குச் சாதகம். தூரம் எல்லா லேனுக்கும் ஒன்றுதான். நீ இழப்பது ஒன்றைத்தான்: மற்ற எல்லோரும் உன் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள், யாரையும் பார்த்து ஓட முடியாது. 2016 ரியோவில் தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நீகெர்க் அதே எட்டாவது லேனில், யாரையும் பார்க்காமல் ஓடி, 43.03 வினாடியில் உலக சாதனை படைத்தார். அவருக்குப் பயிற்சி அளித்தவர் 74 வயதுப் பாட்டி ஒருவர்.

அதனால் உன் நோட்டில் 'லேன் சரியில்லை' என்று எழுதாமல், 'தனியாக ஓடும்போது வேகத்தைக் கணிக்கத் தெரியவில்லை' என்று எழுது. முதல் வரிக்கு மருந்தில்லை. இரண்டாவதற்கு உண்டு: வாரம் இரண்டு நாள், பக்கத்தில் யாரும் இல்லாமல், கடிகாரமும் பார்க்காமல் 200 மீட்டர் ஓடிவிட்டு, எத்தனை வினாடி என்று நீயே ஊகித்துச் சொல். ஒரு மாதத்தில் ஊகம் அரை வினாடிக்குள் வந்துவிடும்.

7. துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே கிளம்பிவிட்டேன் என்று ஓடவே விடாமல் அனுப்பிவிட்டார்கள். ஒரு வருட உழைப்பு அக்கா!

2010 முதல் விதி அப்படித்தான்: முதல் தவறான தொடக்கத்துக்கே வெளியேற்றம். 2011-இல் தென் கொரியாவின் டேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் 100 மீட்டர் இறுதிச் சுற்றில் உசேன் போல்ட்டுக்கே இது நடந்தது. சட்டையைக் கழற்றிக் கத்தியபடி வெளியே போனார். ஒரு வாரத்துக்குள் அதே மைதானத்தில் 200 மீட்டரை 19.40-இல் வென்றார். தொடர் ஓட்டத்தில் ஜமைக்கா 37.04 வினாடியில் உலக சாதனையும் படைத்தது.

நீ சத்தத்தைக் கேட்டுக் கிளம்பவில்லை, சத்தம் எப்போது வரும் என்று ஊகித்துக் கிளம்பினாய். 'செட்' சொன்னபின் ஒரு முறை ஒன்றரை வினாடி, இன்னொரு முறை இரண்டரை வினாடி என்று மாற்றி மாற்றிக் காக்கவைத்துப் பழகினால் அந்த ஊகிக்கும் பழக்கம் போய்விடும். இதற்கு மேல் இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை.

8. தோற்ற பிள்ளையை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது என்ன பேசுவது?

சாப்பிட்டாயா என்று கேளுங்கள். ஜன்னல் ஓரத்து இடத்தைக் கொடுங்கள். போதும்.

எந்தப் பெற்றோரும் கெட்ட எண்ணத்தில் பேசுவதில்லை. ஆனால் "நான் அப்போதே சொன்னேன்", "அந்தப் பெண்ணைப் பார், உன்னைவிடச் சின்னவள்", "இந்த ஸ்பைக்ஸுக்கு எவ்வளவு கொடுத்தேன் தெரியுமா" என்ற மூன்று வாக்கியங்களையும் பிள்ளைகள் பத்து வருடம் கழித்தும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். ஓட்டத்தைப் பற்றிப் பேச்சைப் பிள்ளை எடுக்கட்டும். பெரும்பாலும் மூன்றாம் நாள் எடுத்துவிடும்.

ஊரில் கேட்பார்களே என்பது இன்னொரு கவலை. "எத்தனாவது வந்தாள்?" என்று பெட்டிக்கடையில் கேட்டால், எந்த இடமோ அதை உள்ளபடி சொல்லுங்கள். நீங்கள் அதை மறைத்தாலோ மழுப்பினாலோ, வெட்கப்பட வேண்டிய காரியத்தைச் செய்துவிட்டோம் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

9. அப்பா கடன் வாங்கி அனுப்பினார். நான் தகுதிச் சுற்றிலேயே வெளியேறிவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

2021 ஜூலையில், வாள்வீச்சில் ஒலிம்பிக் சென்ற முதல் இந்தியர் சென்னையின் பவானி தேவி. முதல் சுற்றில் 15-3 என்று வென்றார். அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் புரூனேயிடம் 7-15 என்று தோற்றார். அன்றே நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டுச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. நாம் ஒரு வாளும் வாங்கிக் கொடுக்காதவர்கள். அவர் நம்மிடம் மன்னிப்புக் கேட்கிறார்! இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஆசிய வாள்வீச்சுப் போட்டியின் காலிறுதியில், அப்போதைய உலக சாம்பியன் மிசாகி எமுராவை வீழ்த்தி வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம்.

பயிற்சிக்கு வராமல் ஏமாற்றியிருந்தால் அப்பாவிடம் மன்னிப்புக் கேள். ஓடித் தோற்றிருந்தால் வேண்டாம். அதற்குப் பதில் அவரிடம் உட்கார்ந்து, மூன்றாம் கேள்வியில் சொன்ன நோட்டை எடுத்துக் காட்டு. அவர் கொடுத்த பணம் எங்கே போனது என்று அவருக்கும் தெரியட்டும்.

10. பதினான்கு வயதில் மாவட்டத்திலேயே முதல். பதினேழில் இறுதிச் சுற்றுக்குக்கூட வரவில்லை. பையன் சோம்பேறியாகிவிட்டானா மேடம்?

பெற்றோர் கேள்விகளில் இதுதான் அதிகம், தவறான பதில் அதிகம் கிடைப்பதும் இதற்குத்தான். பதின்மூன்று, பதினான்கு வயதில் சில பையன்களுக்கு வளர்ச்சி முன்கூட்டியே வந்துவிடும். மீசை அரும்பிவிடும், உயரம் வந்துவிடும், தசை வந்துவிடும். பக்கத்து லேனில் நிற்பவன் அதே வயதில் இன்னும் சிறுவனாக இருப்பான். அப்போது கிடைத்த வெற்றியில் உழைப்பும் உண்டு, முந்திக்கொண்ட வளர்ச்சியும் உண்டு. பதினாறு, பதினேழில் மற்றவர்களுக்கும் அந்த வளர்ச்சி வருகிறது. உங்கள் மகனின் வேகம் குறைந்திருக்காது, மற்றவர்கள் எட்டிப் பிடித்திருப்பார்கள். பழைய நேரங்களையும் இப்போதைய நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குச் 'சோம்பேறி' என்று பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயர் பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும்.

நேரமே உண்மையில் மோசமாகியிருந்தால், திட்டுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். இரும்புச்சத்துக் குறைந்தால் மூச்சு வாங்கும், கால் கனக்கும், கடைசி நூறு மீட்டரில் எதுவும் மிச்சமிருக்காது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கடும் பயிற்சிக்கு ஈடான சாப்பாடு இல்லாமல் மாதவிலக்கு நின்றுபோனால் அது எலும்பையும் கெடுக்கும். 'ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். என்னிடம் வந்த ஒரு பெண்ணை 'மனவலிமை இல்லாதவள்' என்று இரண்டு வருடம் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு இருந்தது ரத்தசோகை.

11. போட்டிக்கு நடுவில் என் ஸ்பைக்ஸ் கிழிந்துவிட்டது. இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அன்று ஒன்றும் செய்ய முடியாது. டோக்கியோவில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே கைத்துப்பாக்கி பழுதாகி, பொன்னான நிமிடங்கள் போயின. இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் இரண்டு வெண்கலம். நம் சேலத்து மாரியப்பன் தங்கவேலு டோக்கியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் வெள்ளி வென்ற பிறகு, மழையில் காலுறை நனைந்தது இடைஞ்சலாகிவிட்டது என்றார். இத்தனை பெரிய மேடையிலும் ஒரு காலுறை.

அடுத்த முறைக்குப் பையில் மாற்றுக் காலுறை, மாற்று நாடா, ஸ்பைக்ஸ் ஆணிகள், அவற்றைத் திருகும் சாவி ஆகியவை இருக்கட்டும். முந்தின இரவு நீயே சரிபார்.

12. வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கியவனிடம் தோற்றேன். இதிலும் பாடம் கற்கச் சொல்கிறீர்களா?

இல்லை. உனக்கு நடந்தது அநியாயம். இதைப் பாடம் என்று பூசி மெழுகினால் நான் அந்த அநியாயத்துக்குத் துணைபோனவளாகிவிடுவேன்.

செய்ய வேண்டியது வேறு. தடகள விதிகளின்படி ஓட்டத்தின் முடிவைப் பற்றிய ஆட்சேபத்தை, முடிவு அறிவிக்கப்பட்ட 30 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும். அழுதுகொண்டு பஸ் ஏறிவிட்டு மறுநாள் நினைத்துப் பயனில்லை. உன் பி.டி. சாரோ பயிற்சியாளரோ அந்த அரைமணிக்குள் எழுத்தில் கொடுக்கட்டும். வயதுத் தகராறு என்றால் பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவேடு, தேவைப்பட்டால் எலும்பு வயதுச் சோதனை என்று அதற்கு வேறு வழி இருக்கிறது. அதையும் பெரியவர்கள் எழுத்தில்தான் கேட்க வேண்டும். புகார் கொடுத்துவிட்டு அன்றிரவு உன் நோட்டில் உன் ஓட்டத்தை மட்டும் எழுது. அவன் வயது எதுவானாலும், உன் இரண்டாவது இருநூறு எத்தனை வினாடி?

13. என் பக்கம் பிழையே இல்லாத தோல்வியில் என்னதான் கற்பது?

முந்தைய பதிலின் தொடர்ச்சியாகத்தான் இதைச் சொல்கிறேன். சில ஏமாற்றங்களில் விளையாடியவர் கற்க ஒன்றுமே இருக்காது. புதுக்கோட்டை மாவட்டத்தில் வறுமையில் வளர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். ஊக்கமருந்து இல்லை, விதிமீறிய ஓட்டம் இல்லை. பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. தன் உடம்பைப் பற்றிய செய்தி ஊரெல்லாம் பேசப்படுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பிறகு செங்கல் சூளையில் வேலை செய்தார். அதன்பின் பயிற்சியாளர் படிப்பை முடித்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித் தந்தார். அவர் மீண்டு வந்ததைப் போற்றுகிறேன். ஆனால் 'அந்தச் சோதனை அவரைச் செதுக்கியது' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதில் கற்க வேண்டியவர்கள் விளையாட்டை நடத்துகிறவர்கள்.

வினேஷ் போகாட்டின் கதை நடுவில் நிற்கிறது. 2024 பாரிஸில், 50 கிலோ எடைப் பிரிவில், அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோல்வியே காணாத யுய் சுசாகியை வீழ்த்தி, ஒலிம்பிக் இறுதிக்கு வந்த முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை ஆனார். மறுநாள் காலை எடை 50 கிலோவுக்கு மேல் 100 கிராம். தகுதி நீக்கம். மேல்முறையீடும் தள்ளுபடி. எடை விதி முன்பே தெரிந்ததுதான். ஆனால் அதற்கு முன் 53 கிலோவில் மோதிக்கொண்டிருந்த உடம்பை 50-க்குள் அடைத்தபின் நடந்ததை, ஒருத்தியின் கவனக்குறைவு என்று ஒரு வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்படிப்பட்ட தோல்வியில் எது உன்னுடையது, எது உன்னுடையது இல்லை என்று பிரிப்பதற்கே சில சமயம் ஆண்டுக்கணக்காகும். அவசரப்படாதே.

14. மகன் தோற்றதிலிருந்து பேசுவதில்லை, தூங்குவதில்லை. நாளாக நாளாகச் சரியாகிவிடுமா?

சில நாள் வாட்டம் இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எதிலும் நாட்டமில்லை என்றால் காத்திருக்காதீர்கள். 'செத்துப்போகலாம் போலிருக்கிறது' என்று ஒரு முறை சொன்னாலும், வேடிக்கையாகச் சொன்னாலும், அன்றே தனியாக விடாமல் உடன் இருங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். முட்டி வீங்கினால் டாக்டரிடம் போகிறோம் அல்லவா, இதுவும் அப்படித்தான்.

15. மூன்று வருடமாகத் தோற்கிறேன். விட்டுவிடலாமா அக்கா?

விடுவதென்றால் தோற்ற வாரத்தில் விடாதே. பரீட்சை முடிந்து, உடம்பு ஓய்ந்து, மைதானத்துக்குப் போகாமல் ஒரு மாதம் இருந்துபார். அந்த மாதத்தில் காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்து கால் துறுதுறுத்தால் ஒரு விடை. நிம்மதியாகத் தூங்கினால் இன்னொரு விடை. இரண்டுமே கௌரவமான விடைகள்தான்.

விசுவநாதன் ஆனந்த் 2013 நவம்பரில் சொந்த ஊரான சென்னையில், தன் மக்கள் பார்க்க, கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். அவர் காலம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். நான்கு மாதத்தில், கார்ல்சனோடு மறுபடி மோதும் தகுதிக்கான கேண்டிடேட்ஸ் போட்டியை வென்றார். மறுபடி மோதி, மறுபடி தோற்றார். அதன்பிறகும் ஆடினார். 2017 இறுதியில், 48 வயதில், உலக ரேபிட் (விரைவுச் சதுரங்க) சாம்பியன் ஆனார். அவருக்கு ஆட்டத்தின்மேல் ஆசை தீரவில்லை, அதனால் ஆடினார். உனக்கு ஆசை தீர்ந்திருந்தால், ஊருக்காகவும் எனக்காகவும் ஓடாதே. வேலைக்கும் கல்லூரிக்கும் விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்கும் என்பதற்காக மட்டும் ஓடுகிறாய் என்றால், அதையும் தாழ்வாக நினைக்காதே. ஆனால் அதற்கு எந்தப் போட்டியில் எந்த இடம் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடு. நான் இருபத்திமூன்று வயதில் விட்டேன்.

16. அந்த மாநிலப் போட்டி உங்களுக்கு இன்னும் வலிக்கிறதா அக்கா?

வலிக்கிறது. முதல் மூவரையும் மேடைக்கு அழைத்தபோது, அவர்களில் ஒருத்தி தன் மேல்கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். அவள் இறங்கி வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது, அந்த மேல்கோட்டின் நிறம் இன்னும் தெரிகிறது.

போன வருடம் அதே மைதானத்துக்கு என் மாணவி ஒருத்தியை அழைத்துப் போனேன். அப்போது மண் தரை, சுண்ணாம்புக் கோடு. இப்போது செயற்கை ஓடுபாதை. என் கால் நின்ற அந்த 320 மீட்டர் இடத்தருகே ஸ்டாப்வாட்சோடு நின்றுகொண்டேன். முதல் இருநூறை 29.4-இல் கடந்தாள், நாங்கள் நூறு முறை பழகியபடியே. கடைசி வளைவில் கால் நிற்கவில்லை. இருவரைத் தாண்டினாள், ஆனாலும் ஐந்தாவதுதான் வந்தாள். அழுதாள். நான் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். மறுநாள் ரயிலில் அவளாகவே நோட்டை எடுத்து எழுதிவிட்டு என்னிடம் நீட்டினாள். 'முடிக்கும்போது தெம்பு மிச்சமிருந்தது. முதல் இருநூறை 28-இல் போயிருக்கலாம்' என்று இருந்தது. அவள் எழுதியது சரி. 29.4 அவளுடைய வேகமே இல்லை. பதினேழு வயதில் நான் ஓடியிருக்க வேண்டிய வேகம் அது. இந்தப் பருவத்தில் அவள் கணக்கை அவளே போடுகிறாள், நான் கடிகாரம் மட்டும் பிடிக்கிறேன்.